மூன்றாவதாக வாங்கிய காளாஞ்சி

மாமா இறந்த அடுத்த வருடம், கோயிலில் எங்கள் குடிக்குரிய மரியாதையான காளாஞ்சியை வாங்கும் உரிமை எனக்கு வந்தது. எங்கள் படுவான்கரைப் பக்கத்தில் குடி என்கிற வம்சம் தாய்வழியாக வருவது. அம்மாவின் தம்பிக்குப் பிறகு அம்மாவின் மூத்த மகன். திருவிழா முடிவில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் ஒவ்வொரு குடியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். போய் வெற்றிலை, பாக்கு, பழம் வாங்கிக்கொண்டு வரவேண்டும். எங்களுடையது இரண்டாவது குடி.

அன்று எங்களை மூன்றாவதாகக் கூப்பிட்டார். மறதியோ, வேண்டுமென்றோ தெரியாது. நான் போய் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினேன். அவருக்கு ஒரு சிரிப்பும் கொடுத்தேன்.

முறை தவறிக் கூப்பிட்டால் போகக்கூடாது. நின்ற இடத்திலேயே சத்தம் போடவேண்டும். கோயிலே குழம்பினாலும் அந்தக் கோபத்தைச் சாமி குற்றமாக எடுக்காது என்பார்கள். வாங்கிவிட்டால் இனி அதுதான் நம் இடம். இதெல்லாம் எனக்குத் தெரியாமலில்லை. திரும்பி வந்தபோது எங்கள் ஆட்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் யுத்த காலத்து வரிசைகளில் நின்றே வளர்ந்தவன். நிவாரண அரிசிக்கு வரிசை, பாலத்தடியில் ஆமிக்காரரின் சோதனைக்கு வரிசை. முறைத்துப் பார்த்தவனைத் தனியாக எடுப்பார்கள். கூப்பிட்டால் போ, நீட்டினால் வாங்கு, முடிந்தால் சிரி. அம்மாதான் பின்னால் நின்று முதுகில் கிள்ளி, "கோவப்படாத மனே" என்று பழக்கியவர்.

வீட்டுக்குச் செய்தி எனக்கு முன்பே போய்விட்டது. காளாஞ்சியை மேசையில் வைத்தேன். அம்மா அதைத் தொடவில்லை.

"உனக்கு ரோசமே வரல்லியா மனே?"

"வரல்லம்மா."

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை, வெட்கம்கூட இல்லை. மரத்துப்போன காலை ஊன்றியது போலத்தான் இருந்தது.

அம்மா, என்னைவிட ஒன்பது வயது இளைய தம்பியைக் காட்டி, "வாற வருசம் இவன் போகட்டும்" என்றார்.

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். ஏன் பார்க்கிறார் என்று விளங்கியது. மூத்தவன் நான் இருக்க அவன் எப்படிப் போவான் என்று நான் கத்தவேண்டும். குறைந்தது ஒரு கோப்பையையாவது உடைக்கவேண்டும். தம்பியும் அதற்காகத்தான் காத்திருந்தான்.

"ஓம், அவனே போகட்டும்" என்றேன்.

அம்மா அழத் தொடங்கினார்.