பன்னிரண்டு நிமிடம் முந்திய கேமரா

குட்டிக் குட்டியாகச் சில 'பிப்', கடைசியில் சற்று நீளமாக ஒன்று. செய்திக்கு முன்னால் எங்கள் வீட்டு ரேடியோ எழுப்பிய ஒலி அது. செயலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா கைக்கடிகாரத்தின் திருகைப் பிடித்துக்கொண்டு அதற்காகக் காத்திருப்பார். கல்லூரியில் படித்த கவிதைகளில் பாதி மறந்துவிட்டன. இந்தச் சந்தம் மறக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்தே வயதானவள் நான். முன்பெல்லாம் பாகப் பத்திரமும் வாடகை ஒப்பந்தமும் அடித்தேன்; டைப்பிங் சொல்லியும் கொடுத்ததால் பாதிப் பேருக்கு நான் டீச்சர். இப்போது வருகிறவர்கள் பென்டிரைவோடு வருகிறார்கள். வீட்டுக் கேமராவில் பதிந்ததைக் கோர்ட்டில் கொடுக்க வேண்டுமானால், அது எந்தக் கருவியில் பதிந்தது, எப்போது பதிந்தது, அன்று கருவி ஒழுங்காக ஓடியதா என்று சான்றிதழ் எழுதி, பொறுப்பானவர் கையெழுத்துப் போட வேண்டும். "எங்கே இருக்கிறாய்?" என்றால் குளியலறையிலிருந்து "பஸ் ஏறிவிட்டேன்" என்று சொல்கிற நம்மிடம், சட்டம் நொடி சுத்தமாக மணி கேட்கிறது. கேமரா மாட்டியிருக்கும் சக துயரவாசிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாய்தாவுக்கு வாய்தா என் கடை பெஞ்சில் வந்து உட்காருவாள் கனகம். போனக்காடு எஸ்டேட்டில் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்காரி. வேலை பார்த்த வீட்டில் இரண்டு தங்க வளையல் திருடினாள் என்று வழக்கு. எந்த வாய்தாவிலும் ஜெயிலுக்கு அனுப்பிவிடலாம் என்று யாரோ சொல்லிவைத்ததால், பையில் மாற்றுச் சேலை ஒன்றை மடித்து வைத்துக்கொண்டே வருவாள். பிறகு அவள் கதைக்கு வருகிறேன்.

மூன்று வயதுத் திருடன்

தேங்காய் திருட்டு வழக்கு ஒன்று. தோட்டக்காரர் கொண்டுவந்த காட்சியில் ஆள் மரமேறுவது கண்ணாடி போலத் தெரிந்தது. ஆனால் மூலையில் இருந்த தேதி இரண்டாயிரமாவது ஆண்டு ஜனவரி ஒன்று. கருவிக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி செத்துப்போனால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் கேமரா பிறந்த நாளுக்கே திரும்பிவிடும். எங்கள் ஊர் மழையில் அது மாதம் நாலு தடவை பிறக்கிறது.

"தேதியைக் கண்டுகொள்ளாமல் அடிங்க டீச்சர்" என்றார் தோட்டக்காரர். முடியாது என்றேன். ஜாமீனில் வந்திருந்த எதிராளி கடை வாசலில் நின்று பீடியை அணைத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னான்: "டீச்சரே, அந்தத் தேதியில எனக்கு மூணு வயசு. தென்னையில எப்படி ஏறுவேன்?"

அறுபத்து நான்கு எழுத்து

பென்டிரைவில் இருப்பதை யாரும் மாற்றவில்லை என்று காட்ட, கணினி ஒரு நீளமான அடையாளக் குறி கொடுக்கும். எழுத்தும் எண்ணுமாக அறுபத்து நான்கு; ஒன்று விடாமல் சான்றிதழில் அடிக்க வேண்டும். மதில் தகராறில் வந்த புரோகிதர் ஒருவர், தானே படிப்பதாகச் சொல்லி ஏற்ற இறக்கத்தோடு ஆரம்பித்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பாதியில் மின்விசிறியின் தூசு மூக்கில் ஏறி ஒரு தும்மல். "ம், மேலே சொல்லுங்கோ" என்றேன். அவர் என்னைப் பாவியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நடுவுல நின்னா பலன் இல்லை மாமி. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்!"

நாராயணன் ஸாரின் வீடு

கனகம் வேலை பார்த்தது பாங்கில் இருந்து ஓய்வு பெற்ற நாராயணன் ஸார் வீட்டில். கோயில் கொடை விழாவுக்கு ஊருக்குப் போகிறேன் என்று ஒரு நாள் காலையில் பையோடு கிளம்பினாள். அன்று மாலை வளையல் இல்லை. அவர் கையில் இரண்டு ஆதாரம். ஒன்று, அவர் மனைவி பூஜை அலமாரியைப் போனில் படமெடுத்து மகளுக்கு அனுப்பியது. விளக்குக்குப் பக்கத்தில் வளையல் இருக்கிறது. போன் காட்டும் நேரம் எட்டு மூன்று. மற்றது வாசல் கேமரா. கனகம் கேட்டைத் தாண்டுவது எட்டு ஏழு. நடுவில் நாலு நிமிடம். திருட அது போதும் என்றார்கள்.

கனகம் ஒரே பாட்டைத்தான் பாடினாள்: "நான் இறங்கும்போ எட்டு ஆகல்ல அம்மா. அந்த வீட்டு ஹால் கடிகாரம் வேகமா ஓடும். ஸ்டேஷன்லயும் சொன்னேன்." ஸ்டேஷனில் கிடைத்த பதிலையும் அவளே சொன்னாள்.

"கடிகாரம் சாட்சி இல்லடி, கேமராதான் சாட்சி!"

ரேடியோ செய்த தவறு

சான்றிதழ் அடிக்க நாராயணன் ஸார் என் கடைக்கே வந்தார். காட்சி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிக்க, அதை ஓட்டினேன். கேமராவில் ஒலியும் பதிந்திருந்தது. கனகம் கேட்டைச் சாத்துகிறாள். ஒரு காகம். பால்காரர் சைக்கிள். சும்மா ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எட்டு பன்னிரண்டு ஆனபோது, சமையலறைப் பக்கத்திலிருந்து மெல்லிதாக, குட்டிக் குட்டியாகச் சில 'பிப்', கடைசியில் நீளமாக ஒன்று. பிறகு எட்டு மணி இந்திச் செய்தி.

என் கை நின்றுவிட்டது. அவள் போய் ஐந்து நிமிடம் கழித்துத்தான் எட்டே அடிக்கிறது. அதற்கப்புறம், தானாகச் சரியாகும் போன் மணியில் எட்டு மூன்றுக்கு எடுத்த படத்தில் வளையல் இருக்கிறது!

"ஸார், உங்க கேமரா முந்தி ஓடறதே" என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்சமும் கலங்கவில்லை.

"ரேடியோ லேட்டா இருக்கும் மாமி. நீங்க அடியுங்கோ."

ஒண்ணுகூடி

'ஒழுங்காக ஓடியது' என்ற வரியை நான் அடிக்கவில்லை. அவர் வேறு கடைக்குப் போனார். அதே காட்சியின் நகல் கனகத்தின் இலவச சட்ட உதவி வக்கீல் பிந்துவிடமும் இருந்தது. எல்லாரும் பார்த்திருந்தார்கள், யாரும் கேட்கவில்லை. இரண்டு நாள் தூக்கமில்லாமல் யோசித்துவிட்டு, பிந்துவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "சத்தத்தைக் கூட்டி வைம்மா."

கோர்ட்டில் சத்தத்தைக் கூட்டினார்கள். பிப் கேட்டதும் மாஜிஸ்திரேட் நிமிர்ந்து, இன்னொரு தடவை என்று மலையாளத்தில், "ஒண்ணுகூடி" என்றார். மறுபடியும் போட்டார்கள். கனகம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பிந்து, சாட்சிக் கூண்டில் இருந்த நாராயணன் ஸாரிடம், கேமராவில் மணி வைத்தது யார் என்று கேட்டாள். மாட்ட வந்தவன் வைத்த நேரம் ஹால் கடிகாரத்தோடு ஒத்துப்போகாததால் தானே திருத்தியதாக அவர் சொன்னார். ஹால் கடிகாரம் சரியா என்று கேட்டதும் அவர் முகத்தில் பெருமை வந்தது.

"ஆபீசுக்கு லேட்டாகப்படாதுன்னு வச்சது. முப்பது வருஷமா கரெக்டா பன்னிரண்டு நிமிஷம் முன்னாடி ஓடறது. ஒரு நாள்கூடத் தப்பினதில்லை!"

இத்தனை வருடம் டைப் அடித்ததில் நான் அறிந்தது, பொய் சொல்கிறவர்களைவிடக் கடிகாரத்தைத் தங்கள் வசதிக்குத் திருப்பி வைத்துவிட்டு அதை முழு மனதோடு நம்புகிறவர்களே அதிகம் என்பதுதான்.

கனகத்தை விடுவித்தார்கள், வளையல் இன்றுவரை கிடைக்கவில்லை, அவள் பிறகு யார் வீட்டுக்கும் வேலைக்குப் போகாமல், கல்லாற்றில் சுற்றுலா வருகிறவர்களுக்கு எலுமிச்சை சோடா விற்கிறாள்.