போர்மேன் அண்ணன் மாட்டாத முகமூடி

என் அலுவலக அலமாரியில் ஒரு முகமூடி உறை பிரிக்காமல் கிடக்கிறது. போர்மேன் அண்ணனுக்கு நான் நீட்டியது. தூக்கிப்போட மனம் வரவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

லகாட் பக்கத்துத் துணை மின்நிலையத்தில் நான் இன்ஜினியர், அவர் போர்மேன். வயதில் மூத்தவர்தான், ஆனாலும் சந்தேகம் என்றால் கூசாமல் என்னிடம் கேட்பார். மின்சாரத்தைத் துண்டிக்கும் பெட்டிக்குள் எதற்கு வாயுவை அடைக்கிறார்கள் என்று ஒருநாள் தேநீர் வேளையில் கேட்டார். உள்ளே பொறி பறக்கும்போது ஓடிவரும் எலக்ட்ரான்களை அந்த வாயு பிடித்துக்கொள்ளும், மெதுவாக வருவதென்றால் இன்னும் சுலபம் என்றேன். பொறியின் சூட்டில் வாயுவின் மூலக்கூறுகள் உடையும், பொறி அணைந்ததும் துண்டுகள் மறுபடி சேர்ந்துகொள்ளும். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. யார் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றாலும், "ஒடஞ்சது சேந்துக்கும்லா" என்று சிரிப்பார். பெட்டிக்குள் ஈரம் புகுந்திருந்தால் எல்லாம் சேராது, மிச்சம் நஞ்சாகும் என்ற மறுபாதியை நான் சொல்லவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் காரணம்.

ஒரு மத்தியானம் பெட்டி ஒன்று பழுதாகி, பாதி ஊருக்கு மின்சாரம் போய்விட்டது. வாயுவை இறக்கிவிட்டு மூடியைத் திறந்தோம். அடியில் வெள்ளைத் தூள், ஈரம் புகுந்து சேராமல் போன மிச்சம். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று ஏறியது. நான் ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு இன்னொன்றை அவரிடம் நீட்டினேன்.

"வேணாம் தங்கச்சி. எஸ்டேட்டுல ரப்பர் கட்டிப்பால் நாத்தத்துலயே வளந்தவன் நானு. இதெல்லாம் ஒரு நாத்தமா? ஒடஞ்சதெல்லாம் இந்நேரம் சேந்திருக்கும்லா."

கழுத்துத் துண்டால் தூளைத் துடைத்தார். அதே துண்டால் முகத்து வியர்வையையும் துடைத்தார். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். மின்சாரம் எப்போது வரும் என்று கைபேசி ஓயாமல் அடித்தது. வேலை முடியட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வேலைக்கான அனுமதித் தாளில் இருந்தது என் கையெழுத்து.

உடம்பு முடியாமல் லீவில் இருக்கும் அவரைப் பார்க்க, போன வாரம் சிம்பாங் பூலாயில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். எல்லாம் சிகரெட்டால் வந்த வினை என்று அவரே தன்னைத் திட்டிக்கொண்டார். அந்த மறுபாதியைச் சொல்லத்தான் போயிருந்தேன். இருமி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தவர், என்னையே தேற்றினார்.

"கவலப்படாத தங்கச்சி. நீதான சொன்ன, ஒடஞ்சது சேந்துக்கும்னு?"

"ஆமாண்ணே" என்றேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

மறுநாள் அலமாரியைத் திறந்தேன். முகமூடி அப்படியே இருந்தது. உறையைப் பிரித்து அவர் முகத்தில் மாட்டிவிட அன்றைக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.