ரெட்டைத் தையல்காரிக்கு விழுந்த நூல்

என் தம்பி மனைவி தையல்காரி. தெருவில் அவளுக்குப் பெயர் ரெட்டைத் தையல். ஒரு தையல் போதும் என்றால் கேட்கமாட்டாள். அதன் மேலேயே இன்னொன்று ஓட்டிவிட்டுத்தான் துணியை மெஷினிலிருந்து எடுப்பாள். தைத்தது பிரிந்தால் மானம் போய்விடுமாம்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்தில் கீழே கிழிந்துவிட்டதால் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்ததிலிருந்து அவள் முகமே சரியில்லை. தண்ணீர் கொடுத்தால் இரண்டு மடக்கோடு சரி. சிறுநீர் போனால் எரியுமாம், முக்கினால் பிரிந்துவிடுமாம். கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை.

நேற்றுக் காலை குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். ஓடினேன். நாப்கினில் ஒரு துண்டு நூல் ஒட்டியிருந்தது.

"பிரிஞ்சுடுச்சு அண்ணி! யாரோ ஒத்தைத் தையலா போட்டுட்டாங்க."

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். புண் திறந்து சீழ் வைத்துவிட்டால்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் காலை இறுக்கிக்கொண்டே வந்தாள்.

நர்ஸ் கையைக் கழுவிவிட்டுத் திரைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் அடிச்சுதா? கெட்ட வாடை? வலி கூடுதா?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

"நல்லா ஆறிட்டு வருதும்மா. இது தானா கரையற நூல். அப்படித்தான் துண்டு துண்டா விழும்."

"கரையற நூலா?" படுத்திருந்தவளுக்குள் தையல்காரி விழித்துக்கொண்டாள். "அதை வெச்சு யாராவது தைப்பாங்களா சிஸ்டர்?"

"துணி தானா ஒட்டாது. சதை ஒட்டிக்கும். அதுவரைக்கும் தாங்கினா போதும்."

தண்ணீர் குடிக்காத கதையை நான் போட்டுக்கொடுத்தேன். நர்ஸ் நல்ல டோஸ் விட்டார்.

"நீ குடிக்காம இருந்தாத்தான் இன்னும் எரியும், மலமும் இறுகும். ஒண்ணுக்குப் போகும்போதே வெதுவெதுப்பான தண்ணிய ஊத்திக்கோ. முன்னாலேர்ந்து பின்பக்கமா ஒத்தி எடு, தேய்க்காத. நாப்கினை அடிக்கடி மாத்து, மாத்துறதுக்கு முன்னாலயும் பின்னாலயும் கையக் கழுவு. காய்ச்சலோ சீழோ நாத்தமோ வந்தா, வலி கூடினா, அன்னிக்கே ஓடி வா."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுதாள். அப்பாடா என்று எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பிறகு என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூச்சு விடாமல் காலி செய்தாள். கொஞ்ச நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் கையைச் சுரண்டினாள்.

"அண்ணி, இங்க பாத்ரூம் எந்தப் பக்கம்?"