கிறிஸ்மஸ் மரத்தின் உச்சி

நர்சரியில் பைன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் அதற்குக் கிறிஸ்மஸ் மரம் என்று பேர். மதிலிலிருந்து தள்ளி, முன்முற்றத்தில் நானே குழி தோண்டி நட்டேன். அதன் உச்சியில் மட்டும் கை வைக்கக் கூடாது. மாமரம் என்றால் வெட்டிய இடத்தில் தளிர்த்துக்கொள்ளும். இதற்கு இருப்பது ஒரே நுனி. அது போனால் கோணல்மாணலாக நாலைந்து தலை கிளம்பும், பிறகு பார்க்கச் சகிக்காது. காய்ந்த கீழ்க்கிளைகளை மட்டுமே நான் நறுக்குவேன்.

உதிரும் ஊசியிலையை ஒருநாளும் குப்பையில் போட்டதில்லை. கயிறு கயிறாக விழும், கையைக் குத்தும். அதை வாரி ஆந்தூரியம் தொட்டிகளைச் சுற்றிப் பரப்புவேன். மழை பிடித்தால் ஆப்பிரிக்க நத்தை படையெடுக்கிற ஊர் இது. அந்த முள்ளின் மேல் ஊர்ந்து வர நத்தைக்கும் மனசு வராது. மிச்சம் நல்லமிளகுக் கொடியின் அடிமூட்டுக்கு.

மரம் கூரையைத் தாண்டியதுமே, அடுத்த வளவில் இருக்கும் என் கணவரின் அக்கா தொடங்கிவிட்டார்.

"கிறிஸ்மஸ் மரம் வீட்டை விட வளரப்பிடாது, கேட்டியா? வளந்தா வீட்டு ஆம்பிளைக்கு ஆகாது."

ஞாயிறுதோறும் சபையில் முன்வரிசையில் இருப்பவர். ஜாதகம் பார்ப்பவர்களை வாய் ஓயாமல் பழிப்பவர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருடைய விசுவாசம் எங்கே போனதோ தெரியாது. என் கணவர் சிரிப்பார். "அக்காவுக்கு வேற வேலை இல்ல" என்பார்.

இந்த மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். இரத்தக்குழாயில் அடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்குக் கூட்டிவரும்வரை நான் அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை, மருந்து வாங்கக் கீழே போன நேரம் தவிர.

திரும்பி வந்து கேட்டைத் திறந்தால் முற்றம் முழுக்கப் பச்சைக் கிளை. மரம் கூரை மட்டத்தில் மொட்டையாக நின்றது. வெட்டுவாயிலிருந்து வெள்ளையாகப் பால் வடிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அக்கா, புண்ணியம் செய்த முகத்தோடு.

"வெட்டியாச்சு மக்கா. வெட்டினதுக்குப் பொறவாக்கும் அவனுக்கு சுகமானது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அப்பம் டாக்டர் எதுக்கு? உங்க வெட்டுக்காரனையே அங்க அனுப்பியிருக்கலாமே! யாரைக் கேட்டு வெட்டினிய?"

அக்கா தன் தம்பியைப் பார்த்தார். தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அதன்பிறகு அக்காவிடம் நான் பேசவில்லை. அவர் கொடுத்தனுப்பிய கஞ்சியைத் தூக்குச்சட்டியோடு திருப்பி அனுப்பினேன். ஒருநாள் காலையில், வெட்டிப் போட்ட கிளைகளிலிருந்து காய்ந்த இலையை உருவி வெறியோடு குவித்துக்கொண்டிருந்தேன். வாய் அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தது. வராந்தாவில் நாற்காலியில் இருந்த கணவர் கூப்பிட்டார்.

"அவளை ஏசாத. நான்தான் வெட்டச் சொன்னேன்."

ஸ்டென்ட் வைப்பதற்கு முந்தின நாள், நான் மருந்து வாங்கப் போயிருந்தபோது, அக்காவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

"நீங்க அதைக் கேட்டு சிரிக்கிய ஆளுல்லா?"

"அங்க கெடக்கும்போ சிரிப்பு வரல்ல. பேடியா இருந்துது."

அந்த ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் நான். என்னிடம் சொன்னதெல்லாம், "ஒண்ணும் இல்ல, நீ போய் சாப்பிடு" என்பதுதான். பயத்தை மட்டும் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். மரம் போனதை விட அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீ மரத்தை விடமாட்டியே."

கையிலிருந்த இலையை அப்படியே தரையில் வீசினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வெட்டுக்கத்தி எடுத்திருப்பேன் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அவர் தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.