காஜாவுக்குப் பங்கு இல்லை

நான் பார்த்துப் பார்த்துச் செய்த தேக்கு மேசையை என் கையாலேயே அறுக்க வைத்தார்கள். வருசங்கள் ஓடிவிட்டன. அந்த அண்ணன் தங்கச்சியை எங்கே பார்த்தாலும் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

தையல் கடையில் துணி வெட்டுகிற மேசை அது. அதன் முன்னால் நின்றே ஆளானவன் காஜா. டெய்லரின் இரண்டாம் மனைவி கையில் பிடித்துக் கூட்டிவந்த பையன். முதலில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கப் பழகினான், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அவன் அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் கடையிலேயே கிடந்தான். டெய்லருக்குக் கண் மங்கியதும் வெட்டு, தையல், இஸ்திரி எல்லாம் இவன் தலையில். கடைசியில் படுக்கையோடு கிடந்தவருக்குப் பீ மூத்திரம் அள்ளியதும் இவன்தான். மூத்த தாரத்துப் பிள்ளைகளான அந்த அண்ணன் தங்கச்சி இரண்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"கடை உனக்குத்தான்டா" என்று டெய்லர் என் முன்னாலேயே அவனிடம் சொல்லியிருக்கிறார். எழுதி வையுங்கள் என்றேன்.

"எழுதினா சாவுக்கு நான் நாள் குறிச்ச மாதிரிய்யா. போய் வேலையப் பாரு."

ஊரான் இடுப்பளவை எல்லாம் எழுதி வைத்த மனுசன், இதை எழுதாமலே போய்விட்டார்.

வக்கீல் காஜாவிடம் உயில் இருக்கா என்றார். இல்லை. முறையாகத் தத்து எடுத்தாரா என்றார். அதுவும் இல்லை.

"அப்ப சட்டப்படி நீங்க யாரோ, அவர் யாரோ தம்பி. பெத்த பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் சரிபாதி."

கடையிலேயே இருந்து தைக்கிறேன், வாடகை தருகிறேன் என்று அந்தப் பிள்ளைகளிடம் காஜா கெஞ்சினான்.

"இத்தனை வருசம் ஓசியில தின்னது பத்தலையா?" என்றாள் மகள்.

"விடு, அழுதுடப் போறான். கர்ச்சீப்புக்கு வெட்டுத்துணி எடுத்துக்கச் சொல்லு" என்றான் மகன். இரண்டும் சிரித்தன.

கடையை விலை பேசி முடித்துவிட்டுச் சாமான்களைப் பிரித்தார்கள். தையல் மெஷின் ஆளுக்கு ஒன்று. மேசை ஒன்றுதான் இருந்தது. விற்றுப் பங்கு போடுங்களேன் என்றேன்.

"விலைய இவன் அமுக்கிடுவான்" என்று அண்ணனைக் காட்டினாள் மகள்.

"நீ மட்டும் ரொம்ப யோக்கியமோ? ஆசாரி, ரெண்டா அறுத்துப் போடுய்யா. நீ மாட்டேன்னா வேற ஆள் இருக்கான்."

கண்டவன் கையில் அது சிதைய வேண்டாம் என்று ரம்பத்தை எடுத்தேன். மகன் சாக்கட்டியைத் தூக்கிக் காஜா மேல் எறிந்தான்.

"நீதானே கட்டிங் மாஸ்டர். நடுவுல கோடு போடு."

காஜா கழுத்தில் கிடந்த டேப்பை உருவி அளந்தான். திரும்பவும் அளந்தான். கோடு போட்டுவிட்டு, சாக்கட்டியை அதன் டப்பாவிலேயே வைத்தான். பிறகு என் பக்கம் குனிந்தான்.

"அண்ணே, கோட்டை விட்டு இம்மியும் விலகாம அறுங்க. கொஞ்சம் கோணினாலும் நான் திருட்டு அளவு போட்டேன்னு சொல்லுவாங்க."