ஏரியை உழுத வெள்ளைப் படகு

பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு சனிக்கிழமை, விடிவதற்கு முன்பே ஆரணி கொசப்பாளையத்திலிருந்து கிளம்பினோம். நான், என் கணவர் சாமுவேல், எங்கள் நாய் பிஸ்தா. பழவேற்காடு வரை காரில், அங்கிருந்து வடக்கே ஏரியும் கடலும் கலக்கிற நீர்ப்பரப்பில் தனிப்படகில் ஒரு நாள். படகு எங்களுடையது அல்ல. எங்கள் தறிகளில் நெய்கிற பட்டில் பாதியை வாங்குகிற சென்னை வியாபாரி ஜெயராஜ் அதைப் புதிதாக வாங்கியிருந்தார். "சும்மாதான் நிக்குது, நீங்க ஒரு நாள் சுத்திட்டு வாங்க. வாடகை ஒண்ணும் வேணாம்" என்று அவரே கூப்பிட்டார். பிஸ்தா வேறு யார் கையாலும் சாப்பிடாது, விட்டுவிட்டு வர முடியாது என்றேன். "நாயையும் கூட்டிட்டு வாங்க மேடம், ஃபேமிலி மாதிரி இருக்கும்" என்றார்.

எட்டு வருடமாக விலையில் ஐம்பது ரூபாய்கூட விட்டுக்கொடுக்காத மனிதர் அவர். அவருக்கு எதற்குத் திடீரென்று இவ்வளவு பிரியம் என்று ஆற்காடு தாண்டும்போது கேட்டேன். "உனக்கு எல்லாத்திலயும் டவுட்டு" என்றார் சாமுவேல்.

ஆரணியிலிருந்து பழவேற்காடு ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையில் ஏறினால் சென்னை நெரிசலுக்குள் போகாமலே மீஞ்சூரில் இறங்கலாம். பொன்னேரியில் டிபன். அதற்கப்புறம் சாலை ஒடுங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் உப்புப் பூத்த தரை, காரின் கண்ணாடி வரை சேறு.

எட்டரை மணிக்குப் படகுத்துறை. கூரை போட்ட வெள்ளை ஃபைபர் படகு, பின்னால் இரண்டு மோட்டார். ஓட்டுநர் குமார், முப்பது வயது இருக்கும், ஜெயராஜின் ஆள். எங்களுக்கு மிதவைச் சட்டை தந்தார். பிஸ்தாவுக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். கரையில் இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் அதைப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல் போனை எடுத்து யாருடனோ பேசினாள். படகு கிளம்பியும் அவள் பேச்சு முடியவில்லை.

முதல் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் மறந்தேன். நீர் தகடு போல் கிடந்தது. தூரத்தில் பூநாரைகள், தண்ணீரில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு இழுத்ததுபோல். பிஸ்தா படகின் முனையில் நின்று, வலைகளின் மிதவைகளைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே வந்தது. கிழக்கே மணல்திட்டுக்கு அப்பால் கடலின் இரைச்சல் கேட்டது. ஆரணியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்ப்பதே பெரிய விஷயம்.

பிறகுதான் கவனித்தேன். படகு எங்கும் போகவில்லை. வடக்கே கொஞ்ச தூரம் ஓடும், திரும்பும், பத்தடி தள்ளி அதே வழியில் தெற்கே வரும், மறுபடி திரும்பும். நிலத்தை உழுவது போல.

"இன்னா குமாரு, ஒரே எடத்துல சுத்திகினு கீறே?" என்றார் சாமுவேல்.

"பறவைங்க கிட்ட தெரியும் சார்."

பறவைகள் எதிர்ப்பக்கம் இருந்தன. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் ஒரு சின்னத் திரை. அதில் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன: ஒன்று புள்ளி நான்கு, ஒன்று புள்ளி ஒன்று, பூஜ்யம் புள்ளி ஒன்பது. ஆழம் காட்டும் கருவி, தரை தட்டாமல் இருக்க என்றார் குமார். அழகாக இருந்ததால் அதையும் போனில் படம் எடுத்தேன். திரையின் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது, கொஞ்சம் அணைத்துவிடுங்கள் என்று நான் சொன்னபோது மட்டும் அவர் குரல் மாறியது. "அத தொடாதீங்க மேடம். சார் திட்டுவாரு." பிஸ்தா அவரைப் பார்த்து உறுமியது. நான் அதன் பட்டையைப் பிடித்து மடியில் இழுத்துக்கொண்டேன்.

பதினோரு மணி சுமாருக்கு மூன்று நாட்டுப் படகுகள் எங்களை நோக்கி வந்தன. ஒன்று முன்னால், இரண்டு பக்கவாட்டில். வலை போடுகிறவர்கள் இப்படி வரமாட்டார்கள் என்று எனக்கே தெரிந்தது. முன்படகில் ஆறேழு ஆண்களுக்கு நடுவே ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கரையில் போன் பேசியவள் அல்ல, ஆனால் அந்தப் போன் இவளுக்குத்தான் வந்திருக்க வேண்டும். பெயர் கோமளா என்று பிறகு தெரிந்தது.

"மோட்டார ஆஃப் பண்ணு" என்றாள். குமார் அணைத்தார்.

"யாரு நீங்க?"

"ஆரணிங்க. பட்டு நெசவு. சுத்திப் பாக்க வந்தோம்" என்றார் சாமுவேல்.

"சுத்திப் பாக்கறவங்க லைட் ஹவுஸ் பாப்பாங்க, கழிமுகம் பாப்பாங்க. நீங்க எங்க வலை போடற எடத்துல கோடு போட்டுகினு இருக்கீங்க. போன மாசம் ஒருத்தன் தூண்டில் போடறேன்னு வந்தான். இப்ப நாயி. நாய இட்டுகினு வந்தா நம்பிடுவோம்னு யாரு சொல்லிக் குடுத்தது?"

ஃபேமிலி மாதிரி இருக்கும். ஜெயராஜின் சொல் அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடும்பமாக வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. குடும்பம் மாதிரி.

"குமார், இது இன்னாத்துக்கு? நெஜத்த சொல்லுங்க" என்றேன்.

அவர் கீழே பார்த்தார். "ரிசார்ட் ஒண்ணு வருது மேடம். சாருக்கு அதுல பங்கு. பெரிய போட் வரணும்னா ஆழமா வெட்டணும்ல, எங்க வெட்டறதுன்னு பாக்கறாங்க. ஆபீஸ் ஆளுங்கள அனுப்புனா இவங்க விடமாட்டாங்க. நான் சம்பளத்துக்கு ஓட்டறேன், அவ்ளோதான்."

சாமுவேலின் முகம் சுண்டிப்போனது. படகுகளில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள். ஒருவர் எங்கள் படகின் விளிம்பைப் பிடித்து ஆட்டினார். பிஸ்தா குரைத்தது. எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

கோமளா கையை உயர்த்தினாள். "அந்த மிஷின்ல ஏறுன அளவெல்லாம் எங்க இருக்கு?"

"பக்கத்துல சின்ன மெமரி கார்டு" என்ற குமார், கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். "நான் எடுத்துக் குடுத்தா வேலை போயிடும்க்கா."

"கிரேஸ்" என்று மெல்ல என்னைக் கூப்பிட்டார் சாமுவேல். அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரியும். ஜெயராஜ் விலகினால் எங்கள் தறிகளில் பாதி நிற்கும். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் நாய்க்குச் சட்டை போட்டு, என்னைக் காட்டி, இந்தப் பெண்ணின் தண்ணீரை அளந்திருக்கிறார்கள். குமாரின் கையை நகர்த்திவிட்டு அந்தக் கார்டை நானே உருவிக் கோமளாவிடம் நீட்டினேன்.

அவள் நன்றி சொல்லவில்லை. "இது ஒண்ணுதானா? வேற எங்கயும் இல்லன்னு எப்டி நம்பறது? போனக் காட்டு."

காட்டினேன். பிஸ்தா, பூநாரை, பிஸ்தா, சாமுவேல், அப்புறம் அந்தத் திரை. அதை அவளே அழித்தாள். போனின் குப்பைத் தொட்டியிலும் போய் அழிக்கத் தெரிந்திருந்தது அவளுக்கு.

மூன்று படகுகளும் துறை வரை எங்களோடு வந்தன. வழியனுப்ப அல்ல. நான் கையசைத்தேன். யாரும் பதிலுக்கு அசைக்கவில்லை.

கரை ஏறுவதற்குள் ஜெயராஜின் அழைப்பு வந்துவிட்டது. குமார் சொல்லியிருப்பார்.

"என்ன மேடம், ஒரு சின்ன விஷயத்தை இவ்ளோ பெருசாக்கிட்டீங்க?"

"சின்ன விஷயம்னா எங்ககிட்ட சொல்லியே அனுப்பியிருக்கலாமே சார்."

"அடுத்த மாச சரக்கு பத்தி நான் யோசிக்கணும்."

"யோசிங்க."

அவர் யோசித்து முடித்துவிட்டார் போலும். அதற்குப் பிறகு எங்களிடம் ஒரு புடவைகூட வாங்கவில்லை. மூன்று மாதம் பேஜார்தான். பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு கடை கிடைத்தது.

அன்று திரும்பும்போது சாமுவேல்தான் காரை ஓட்டினார். "நம்மள மறிச்சவங்க மாதிரி நாமளும் செய்யறமே" என்றார். ஆமாம். எங்கள் ஊரில் முன்பின் தெரியாத ஆள் தறிக்கூடத்துக்குள் வந்தால், ஓடிக்கொண்டிருக்கிற டிசைன்மேல் ஒரு துணியை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்காரச் சொல்வோம். படம் எடுத்துப் போனால் அடுத்த வாரம் வேறெங்கோ அதே டிசைன் பாதி விலைக்கு வந்துவிடும். துணியால் மூட முடிந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஏரியை எதைப் போட்டு மூடுவது?

பொன்னேரி வருவதற்கு முன்பு, எங்களுக்குப் பின்னால் ஒரு பைக் வெகுநேரமாக வருவதைப் பார்த்தோம். வழிவிட ஓரம் கட்டினோம். அது தாண்டாமல் நின்றது. நாட்டுப் படகில் விளிம்பைப் பிடித்து ஆட்டியவர்தான். இறங்கி வந்து எங்களிடம் ஒன்றும் பேசாமல் காருக்குப் பின்னால் போய் போனை உயர்த்தினார்.

"வண்டி நெம்பர் வேணும்னு கோமளாக்கா சொல்லிச்சு" என்றார், கொஞ்சம் கூச்சத்துடன்.

நம்பர் பலகை முழுக்கச் சேறு. ஓர் எழுத்தும் தெரியவில்லை. நான் இறங்கிப் போய், தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றி, கையாலேயே வழித்துத் துடைத்தேன்.

"இப்ப எடுங்க" என்றேன்.