பரீட்சைக்கு வரும் கேள்வி

அமீர்பேட் மெட்ரோ நிலையத்துக்கு எதிரே ஓர் இரானி சாய்க் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து மேசையில் நர்ஸிங் மாணவிகள் இருவர், வெள்ளைக் கோட்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ஜெர்மன் மொழி பழகுகிறார்கள். ஒருத்தி நோயாளி, இன்னொருத்தி நர்ஸ். நர்ஸாக இருப்பவள் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள்: "வோ டூட் எஸ் வே?"

நான் போனில் தமிழ் பேசி முடித்ததும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் வீட்டிலும் தமிழாம்.

"அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"எங்க வலிக்குதுன்னு, அங்கிள். எக்ஸாம்ல கண்டிப்பா வரும்."

"ரெண்டு பேரும் ஜெர்மனி போறீங்களா?"

"ஹவ், அங்கிள்," என்று இந்த ஊர்ப் பேச்சில் ஆமாம் சொல்கிறாள். "இவளுக்கு ஆசை. எனக்கு இங்கயே இருக்கணும். அப்பாதான் கிளாஸ்ல சேத்துவிட்டாரு."

என் மகளும் அயர்லாந்தில் நர்ஸ்தான் என்கிறேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அக்காவே ஆசைப்பட்டுப் போனாங்களா, நீங்க அனுப்பினீங்களா?"

அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. நேரமாகிவிட்டது என்று பாதிச் சாயோடு எழுந்துகொள்கிறேன்.

நிலையத்தின் படிகளில் ஏறுகிறேன். ஆறு வருஷமாக ஞாயிறுதோறும் மகளோடு பேசுகிறேன். சாப்பிட்டாயா, அங்கே குளிரா, டியூட்டி எப்போது என்று எல்லாம் கேட்டிருக்கிறேன். இந்தப் பெண் பரீட்சைக்காகப் படிக்கும் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை.